களைப்பு வாங்கிய ஊர்

நூற்பாலையில் ரிங் பிரேம் என்கிற நூற்பு எந்திரம் ஓட்டிய கோமதி, குமரிமுனையிலிருந்து சென்னைவரை எழுநூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கும் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த வருஷம், அவளுடைய களைப்பு அவளைவிட்டு இறங்கி எங்கள் ஊர்க்காரர்கள்மேல் ஏறத் தொடங்கியது. பாறைக்குளத்தில் யாரைக் கேட்டாலும், ஆமாம், மாசி மாதம், கொத்தமல்லி அறுப்பு நேரம் என்று மாதத்தைத்தான் சரிபார்ப்பார்களே தவிர, அது எப்படி என்று கேட்கமாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாற்கரச் சாலையில் அவள் பழகிக்கொண்டிருந்தபோது, முப்பதாவது கிலோமீட்டரில் மில் வாட்ச்மேன் அருளப்பன் ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டினார். அவள் இறங்காமலே வாங்கிக் குடித்துவிட்டு, அப்போதுதான் குளித்து முடித்து வந்தவளைப்போல மிதித்துக்கொண்டு போனாள். அருளப்பனோ மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், கெண்டைக்கால் இரண்டும் துடிக்க, வியர்வை சட்டையில் உப்பாகப் பூக்க, மதியச் சங்கு ஊதும்வரை தூங்கினார். அடுத்த ஞாயிறு தண்ணீர் கொடுத்த, மில்லில் எந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர் பையன்கள் இரண்டு பேரும் அப்படியே சாய்ந்தார்கள். மூன்றாவது ஞாயிறு விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதைச் சொல்ல வேண்டும். சர்ச்சில் பாதிரியார், தவக்காலத்தில் பிறர் களைப்பை வாங்குவது நோன்பில் சேர்த்தி என்று அறிவித்தார். அம்மன் கோயில் பூசாரி, தீட்டு வீட்டுக்காரர்கள் மட்டும் பதினாறு நாள் பொறுத்து வாங்கட்டும் என்றார். மில் நிர்வாகம், ‘பணி நேரத்தில் களைப்பு வாங்குவது ஒழுங்கீனமாகக் கருதப்படும்’ என்று பலகையில் ஒட்டியது. டீக்கடையில் நடந்த ஒரே விவாதம், யார் முதலில் வாங்குவது, எந்தத் தெரு எந்த வாரம் என்பதுதான். அந்த விவாதத்தை முடித்துவைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

நான் உலகநாதன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. மீதிப் படிப்பை மில் வாசலில் கொடுத்த துண்டறிக்கைகளில் படித்தேன், பிறகு நானே எழுதினேன். ஒன்பது முறை உள்ளே போய் வந்தவன். நூற்றுப்பத்து நாள் கதவடைப்பில் ஒரு குடும்பத்தையும் சிதறவிடாமல் வைத்திருந்தவன். இப்போதைய சங்கத் தலைவர்கள் ஆயுத பூஜைக்கு நிர்வாகத்தோடு தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், அந்தப் படத்தில் என் முகத்தை நீங்கள் பார்க்க முடியாது. இதையெல்லாம் பெருமையாகத்தான் சொல்லிவந்தேன். இந்தக் கதையில் அதைச் சொல்வதற்குக் காரணம், நான் செய்ததைத் தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காக வாதாடிவிடக் கூடாது என்பதுதான்.

கூட்டத்தில் பேசினேன்: “எழுநூறு கிலோமீட்டர் களைப்பு ஓர் உடம்புக்கு மலை. ஆயிரம் உடம்புக்கு அது ஆளுக்கொரு கைப்பிடி மண். நம் பெண் ஒருத்தி ஒரு ஷிப்டில் பதினெட்டு கிலோமீட்டர் நடந்து அறுந்த நூலை முடிந்துகொண்டிருக்கிறாள். நாற்பது மணி நேரத்துக்குள் பந்தயத்தை முடித்தால் ரயில்வே விளையாட்டு அணியின் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். முடிக்காவிட்டால் கண் மங்கும்வரை நூல்தான். கொடுப்பீர்களா உங்கள் கையை?”

கொடுத்தார்கள். ஆதரவுக் குழு அமைந்தது, நான் தலைவன். ஞாயிறுதோறும் பத்துக் கிலோமீட்டருக்கு ஒருவராகச் சாலையோரம் நின்றார்கள். பழைய வேலைநிறுத்தத்தில் மறியலுக்கு முறை போட்டதைப்போலவே முறை போட்டேன். அவரவர் வீட்டிலிருந்து அவரவர் பாட்டில் என்பது விதி. கோமதி வருவாள், காலி பாட்டிலைப் போடுவாள், நீட்டியதை வாங்குவாள், ஒரு வாய் குடிப்பாள், அதுவரை மிதித்த களைப்பு அந்த நொடியில் அவளைவிட்டுக் கழன்றுகொள்ளும்.

அப்போதுதான் ஊர் ஒன்றைக் கண்டுபிடித்தது. குடும்பஸ்தர்கள் விழவில்லை. அம்மா கையால் சாப்பிடும் வாலிபர்களும் விழவில்லை. பாட்டிலைக் கொடுத்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்கள். விழுந்தவர்கள் பெண்டாட்டி இறந்துபோன அருளப்பனும், மில்லின் லைன் வீடுகளில் அறை எடுத்துத் தங்கி மெஸ்ஸில் சாப்பிடும் வெளியூர்ப் பையன்களும்தான்.

“வீட்டுச் சோறுவே, வீட்டுச் சோறு” என்றார் டீக்கடை மாடசாமி. “மெஸ் சோத்துல என்ன இருக்கு? சோடா உப்புதான் இருக்கு.”

மெஸ் நடத்திய ஞானதிரவியம் கொதித்தார். “என் சோத்தைத் தின்னவன் அஞ்சு பேரு போலீஸ் வேலைக்குப் போயிருக்கான், தெரியும்லா?”

“போலீஸ்ல நின்னுக்கிட்டே தூங்கலாம் அண்ணாச்சி. ரோட்டோரம் நிக்க முடியலையே!”

ஞானதிரவியம் வாரம் மூன்று நாள் முட்டை போட்டுப் பார்த்தார். பையன்கள் முட்டை தின்றுவிட்டும் விழுந்தார்கள். வைகாசியில் லைன் வீட்டுப் பையன்கள் நான்கு பேருக்கு அவசர அவசரமாகக் கல்யாணம் நடந்தது. கல்யாணமான அடுத்த ஞாயிறே அவர்கள் விழாமல் நின்றதைப் பார்த்து ஊர் தன் கண்டுபிடிப்பைச் சாசனமாக்கியது. அந்த மாதங்களில் பாறைக்குளத்தின் பெண்கள் மாவாட்டும் கல்லருகில், பள்ளிக்கூட வாசலில், ரேஷன் வரிசையில், நின்ற இடத்திலும் இருந்த இடத்திலும் தூங்கி விழுந்தார்கள். அதை யாரும் எதோடும் சேர்த்துப் பார்க்கவில்லை, ஏனென்றால் பெண்கள் களைத்திருப்பது ஊருக்குப் புதிதாக இல்லை.

என் முறை அறுபதாவது கிலோமீட்டரில், ஓடைப்பாலத்தில் வந்தது. வயது அறுபத்தெட்டு. வேண்டாம் தோழர் என்று நான்கு பேர் தடுத்தார்கள், தடுக்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். கோமதி வாங்கிக் குடித்தாள். நான் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடிக்காமல் நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு கொசு கடித்த அளவுகூட ஒன்றும் ஆகவில்லை. “பாருங்கவே, சிறையில வார்த்த உடம்பு!” என்று யாரோ கத்தினார்கள். டிராக்டரில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவந்தார்கள்.

வீட்டில் என் மனைவி முப்பிடாதி அரிவாள்மனையின் பக்கத்தில், பாதி நறுக்கிய சீனியவரைக்காய்மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். காலை ஒன்பதரை மணி. அவள் கெண்டைக்கால் கரையில் போட்ட மீனைப்போலத் துள்ளிக்கொண்டிருந்தது. கழுத்தில் உப்பு காய்ந்திருந்தது. விடியற்காலையில் அவள்தான் குடத்திலிருந்து பாட்டிலுக்குத் தண்ணீரைச் சாய்த்து, மூடியைத் திருகி, சேலைத் தலைப்பால் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

களைப்பு கொடுத்த கைக்கு வரவில்லை, நிரப்பிய கைக்குப் போயிருக்கிறது. உழைக்கும் கை வேறு, பேர் வாங்கும் கை வேறு என்று நாற்பது வருஷமாக எழுதியவனுக்கு அதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆனாலும் சோதித்துப் பார்த்தேன். அடுத்த வாரம் யாருக்கும் தெரியாமல் தெருப் பம்பில் நானே பிடித்து, ஊர் எல்லையில் பத்தாவது கிலோமீட்டரில் கொடுத்தேன். அவள் தாண்டிப் போகும்வரைதான் நின்றேன். பிறகு கருவேலம் புதருக்குப் பின்னால் தவழ்ந்து போய், வயிற்றில் இருந்ததையெல்லாம் கக்கி, என் முழங்கால்களை நானே கட்டிக்கொண்டு கிடந்தேன். பத்துக் கிலோமீட்டர்தான். எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் முப்பிடாதியிடம் சொன்னேன்: “அடுத்த வாரம் நாப்பதாவது கிலோமீட்டர். விடிகாலையில தண்ணி பிடிச்சு வை.”

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். “வைக்கேன்” என்றாள்.

இதற்கு நான் எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயத்தையும் எழுதிவிடுகிறேன். தலைவன் விழுந்தால் குழு கலையும், குழு கலைந்தால் கோமதி தோற்பாள், ஆகவே நான் நிற்பது அவளுக்காக. இதே நியாயத்தை எத்தனையோ மேலாளர்களின் வாயிலிருந்து கேட்டுக் காறித் துப்பியிருக்கிறேன். என் வாயில் அது கசக்கவில்லை. ‘நிமிர்ந்து நிற்போம்’ என்று தலைப்பிட்டு ஐந்நூறு துண்டறிக்கை அடித்து, சோர்வு என்பது மனத்தின் கோழைத்தனம் என்று எழுதி, விழுந்துகொண்டிருந்த அருளப்பன் கையிலும் ஒன்றைக் கொடுத்தேன். அவர் அதை வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “இனிமே நான் வரலை தோழர், எனக்கு வெக்கமா இருக்கு” என்றார். வெளியூர்ப் பையன்களைத் தவிர, ஊரிலேயே தன் கையால் நிரப்பித் தன் கையால் கொடுத்துத் தன் காலால் தாங்கியவர் அவர் ஒருவர்தான். அவர் வெட்கப்பட்டு விலகினார். நான் அதை ஏற்றுக்கொண்டேன்.

ஆடியில் நானூறு கிலோமீட்டர் ஒத்திகை. ஏழு பாட்டில் என் பெயரில். முப்பிடாதி இரண்டு பகல் கண் திறக்கவில்லை. பித்தம் என்று பக்கத்து வீட்டில் சொன்னேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது டாக்டரம்மா அவள் காலை அமுக்கிப் பார்த்தார், மார்பில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார்.

“என்ன வேலைம்மா பாக்குறீங்க?”

“வேலைக்கெல்லாம் போகலம்மா. வீட்லதான் இருக்கேன்.”

“வீட்ல இருக்குறவங்க காலு இப்படி இருக்காதே. மலை ஏறி இறங்குனவங்க இதயம் மாதிரி அடிக்குது. இன்னொரு தடவை இந்த மாதிரி ஆச்சுன்னா நான் பொறுப்பில்ல.” பிறகு என்னைப் பார்த்து, “நீங்க என்னய்யா பாக்குறீங்க?” என்றார்.

“பொதுவாழ்க்கை” என்றேன்.

பந்தயத்துக்கு ஐந்து நாள் இருந்தது. கோமதிக்குப் பின்னால் போகிற வேனில் எட்டு ஆட்கள் போகலாம், பெயர்களை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். எட்டு ஆண்களின் பெயரை எழுதி, முதல் பெயராக என் பெயரையும் எழுதி, வீட்டுக்கு இத்தனை பாட்டில் என்ற கணக்கில் தெருக்களுக்குச் சொல்லி அனுப்ப இருந்தேன். முப்பிடாதி சுவரில் சாய்ந்து கால்களை நீட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என் பங்குக்கு இன்னும் எத்தனை பாட்டில் அவள் தாங்குவாள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதைத் தாளில் எழுதும் வழியும் எனக்குத் தெரியவில்லை.

கோமதி வந்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, படிவத்தை என் முன்னால் வைத்தாள். அதில் எட்டுப் பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது. ஆட்டோ ஓட்டும் ரெஜினா. அவளுக்குக் கீழே ஏழு பெண்கள். கடைசிப் பெயர் முப்பிடாதி.

“என்னம்மா இது?” என்றேன்.

“வண்டியில இவங்க வாராங்க தோழர்.”

“எழுநூறு கிலோமீட்டர். யார் தாங்குவா?”

கோமதி என் மனைவியைப் பார்த்தாள். முப்பிடாதி சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: “இதுவரைக்கும் தாங்குனவங்கதான்.”

தெருவில் பால்காரனின் மணி கேட்டது.

“எப்போ இருந்து தெரியும்?” என்றேன்.

“மொத வாரமே தெரியும். பம்படியில பேசாத பேச்சா? இவ தண்ணி குடிக்கிற நேரத்துக்குத் தெருவுல இருக்க பொம்பளை பூரா வரிசையாச் சுருண்டு விழுந்தா, எங்களுக்கு என்ன புத்தியா இல்ல?”

“அப்பறம் ஏன் சொல்லலை?”

“சொன்னா நிறுத்திப்புடுவீங்க. இல்லைன்னா அதுக்கொரு கமிட்டி போடுவீங்க. இவ ஓட்டணும்னு இருந்துச்சு எங்களுக்கு.” நீட்டிய கால்களை மடக்கிக்கொண்டாள். “உங்களுக்குத் தெரிஞ்சதும் எங்களுக்குத் தெரியும். புதருக்குப் பின்னால வாந்தியெடுத்துக் கிடந்தீங்கள்ல, அன்னைக்கு ஆடு பத்திக்கிட்டு வந்த சுடலி பாத்துட்டா. வந்து சொன்னா. சரி, இன்னைக்கு வந்து சொல்லிருவாரு மனுசன்னு வெந்நி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க வந்து, நாப்பதாவது கிலோமீட்டர், தண்ணி பிடிச்சு வைன்னீங்க.”

போலீஸ் அடித்த அடிகளை எண்ணிவைத்திருக்கிறேன். இந்த வாக்கியத்தை எண்ண முடியவில்லை.

“உன் உடம்பு தாங்காது முப்பிடாதி. டாக்டரம்மா சொன்னதைக் கேட்டேல்ல.”

“இப்பத்தான் காதுல விழுந்துச்சோ? வீட்ல இருந்து வாங்குனா அடுப்பையும் பாத்துக்கிட்டு வாங்கணும். வண்டியில படுத்துக்கிட்டு வாங்கலாம். எட்டுப் பேரு மாத்தி மாத்தி பிடிச்சா எனக்கு ஒரு கைதான் வரும்.” பிறகு, எனக்கு இல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள்: “வாங்குற களைப்பை எந்த ஊர்ல வச்சு வாங்குறோம்னு ஒருக்காவது பாக்கணும். நான் மதுரையைத் தாண்டுனதில்ல.”

கோமதி படிவத்தை எடுத்து மடித்தாள். “எனக்கு முன்னாலயே தெரியும் தோழர்” என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. “தண்ணி குடிக்கிறப்ப கொடுத்த ஆளு மூஞ்சி மாறாது. தாங்குற ஆளு யாருன்னு வயித்துல தெரியும். நானும் பேசாமத்தான குடிச்சேன்.”

ஆண்கள் எதிர்க்கவில்லை. சும்மா பாட்டில் நீட்டுகிற வேலைதானே, போகட்டும் என்றார்கள். போகிறவர்களுக்கு மாடசாமி, காலை எப்படி ஊன்றி நிற்க வேண்டும், மூச்சை எங்கே நிறுத்த வேண்டும் என்று டீக்கடை வாசலில் நின்று பாடம் நடத்தினார். எட்டுப் பெண்களும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள், ரெஜினா மட்டும் வாயைச் சேலையால் மூடிக்கொண்டாள்.

புறப்படுகிற அன்று காலை நான் பம்பில் ஒரு பாட்டில் நிரப்பிக்கொண்டு போய் முப்பிடாதியிடம் நீட்டினேன். “இதையும் வச்சுக்கோ. இருக்குறதுலயே கஷ்டமான இடத்துல கொடு.” அவள் வாங்கி மூடியைத் திருகிப் பார்த்து இறுக்கி, பைக்குள் வைத்தாள்.

சனிக்கிழமை விடிகாலை குமரியில் பந்தயம் கிளம்பியது. பத்து மணிவாக்கில் எங்கள் ஊர் நாற்கரச் சாலையைத் தாண்டிப் போனாள் கோமதி, முதுகைத் தாழ்த்தி, யாரையும் பார்க்காமல். ஊர் ஆண்கள் இருமருங்கும் நின்று விசிலடித்தார்கள். பின்னால் வந்த வேனில் மூன்று பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முப்பிடாதி ஜன்னலோரம் விழித்திருந்தாள். முகத்தில் காற்று அடிக்க, வாயை லேசாகத் திறந்தபடி, திருவிழாப் பார்ப்பவளைப்போல முன்னால் வரும் சாலையைப் பார்த்துக்கொண்டு போனாள். நான் கையை உயர்த்தினேன். அவள் பார்த்தது என்னையல்ல.

வீட்டுக்கு வந்து பாயை விரித்து உட்கார்ந்தேன். விழுந்தால் மண்டை அடிபடாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். மதுரை தாண்டியிருக்கும், இப்போது வரும் என்று காத்திருந்தேன். திருச்சி தாண்டியிருக்கும், இப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, முப்பத்தாறு மணி நேரத்தில் முடித்துவிட்டாள் என்று போன் வந்தது, மில் சங்கு அகாலமாக ஊதியது, தெருவில் வெடி போட்டார்கள். நான் என் முழங்கால்களைத் தொட்டுப் பார்த்தேன். எந்த வலியும் இல்லை.

திங்கட்கிழமை காலை மில் வாசலில் வரவேற்புக் கூட்டம். பந்தல், மைக், ஆப்பிள் மாலை. வேன் வந்து பந்தல் ஓரமாக வேப்பமரத்தடியில் நின்றது. கோமதி முதலில் இறங்கினாள், நேராக என்னிடம் வந்தாள். கையில் நான் நிரப்பிய பாட்டில், மூடி திருகியது திருகியபடி.

“விழுப்புரத்துக்கிட்ட எதிர்காத்து தோழர். கேட்டேன். முப்பிடாதி பெரியம்மா தரலை. அவரு வீட்ல ஒத்தையா இருப்பாரு, விழுந்தா தூக்க ஆளில்ல, என் தண்ணியைக் குடின்னுட்டாங்க.”

“அவ...”

“நல்லாருக்காங்க. தூங்குறாங்க. செங்கல்பட்டு வரைக்கும் கண்ணை மூட மாட்டேன்னுட்டாங்க, ஏரியைப் பாக்கணும்னு.”

என் பெயரை மைக்கில் கூப்பிட்டார்கள். நாற்பது வருஷம் ஏறிய மேடை. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே ஏறினேன், எல்லாவற்றையும் சொன்னேன். களைப்பு நிரப்பிய கைக்குப் போகிறது என்று சொன்னேன். நாம் நின்றது வீட்டுச் சோற்றினால் அல்ல, வீட்டில் ஒருத்தி விழுந்ததால் என்று சொன்னேன். அருளப்பன் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஆனியிலிருந்து எனக்குத் தெரியும், தெரிந்தும் என் மனைவியைத் தண்ணீர் பிடித்துவைக்கச் சொன்னேன், ஒரே ஒரு நாளைத் தவிர இந்தக் கை ஒரு மிடறு களைப்பும் வாங்கவில்லை, நான் கோழை என்று சொன்னேன்.

மாடசாமி எழுந்து நின்று கைதட்டினார். அவரைப் பார்த்து முன்வரிசை, முன்வரிசையைப் பார்த்துப் பந்தல் முழுக்க. “இவருதாம்வே தலைவன்!” என்று ஒரு குரல். “பேரு வேண்டாங்குறாருவே, பொம்பளைகளுக்கு விட்டுக்கொடுக்காரு!” என்று இன்னொரு குரல். ஞானதிரவியம் ஓடிவந்து ஆப்பிள் மாலையை என் கழுத்தில் போட்டார். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இல்லை, கேளுங்கள், நான் சொல்வது உண்மை என்று கத்தினேன். கத்தக் கத்தக் கைத்தட்டல் கூடியது. கூட்டத்தில் அருளப்பனைத் தேடினேன், அவர் வந்திருக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டு இல்லை என்றோ ஆமாம் என்றோ சொல்லக் கூடியவர்கள் வேனுக்குள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, வாய் பிளந்து, கால்கள் துடிக்கத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முப்பிடாதியின் தலை ரெஜினாவின் மடியில் இருந்தது.

விசில் சத்தம் கேட்டு அவள் புருவம் சுளிந்ததை மேடையிலிருந்தே பார்த்தேன். கோமதியும் பார்த்திருக்க வேண்டும். எழுநூறு கிலோமீட்டர் மிதித்தும் ஒரு துளி சோர்வு இல்லாத கால்களோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேனுக்குப் போய், என் பக்கம் திரும்பாமல், இரண்டு கைகளாலும் கதவை நகர்த்திச் சத்தமில்லாமல் சாத்தினாள்.